கீறல் அல்ல

பர்பேங்கில், ஜன்னல் இல்லாத அறையில்
பதினோராவது வாரமாக
ஒரு காட்டைக் கழுவிக்கொண்டிருக்கிறேன்.

பதினைந்து அத்தியாயம்,
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறு,
சனிக்கிழமைக்கு ஒன்றாகக் காட்டியது.
நெகட்டிவ் ஓர் ஆரஞ்சுக் கிடங்கில் கிடந்தது.
நான்காவது டப்பாவைத் திறந்தபோது
தேனாக ஒழுகியது கதாநாயகியின் முகம்.
நாற்றம் தேன் இல்லை:
நனைந்த காலுறையை அடுப்பில் வாட்டிய நாற்றம்.

நவம்பரில் ப்ளூ-ரே.
"நேற்று எடுத்தது மாதிரி இருக்கணும்" என்கிறார்
லாயிட் பெட்ராசெக், சம்பளம் தருபவர்.
சரி.
தேய்ந்த பிரதிகளின் பனிமூட்டத்தில்
இத்தனை காலம் பதுங்கியிருந்ததெல்லாம்
ஒவ்வொன்றாக வெளியே வருகிறது.
கொரில்லாவின் முதுகில் ஜிப்.
முதலையின் வயிற்றடியில் சக்கரம்.
எரிமலைக்குப் பின்னால் தந்திக்கம்பம்.
ஆப்பிரிக்க யானையாக நடிக்கும் சர்க்கஸ் யானைக்கு
ஒட்டுப்போட்ட ரப்பர் காது;
இடது பக்கம் பசை விட்டுப்போய்
உள்ளே தன் சின்னக் காதை ஆட்டிக்கொள்கிறாள்,
ஈ ஓட்டுவதற்கு.
ஈயும் தெரிகிறது.

மென்பொருளுக்குக் கீறலும் கம்பியும் ஒன்று.
மெல்லியதாக, நேராக
மேலிருந்து கீழே எது வந்தாலும் கேடு.
கதாநாயகன் கொடி பிடித்துத் தாவுகிறான்,
கொடியை ஒட்டி ஒரு பியானோக் கம்பி.
அழிக்கவா, என்கிறது பச்சைக் கட்டம்.
அழித்தால் நிஜமாகவே பறப்பான்.
ஆனால் அன்றைக்கு யாரும் பறக்கவில்லையே,
சட்டகத்துக்கு வெளியே ஒருவன்
அந்த ஆளின் முழு எடையையும்
உள்ளங்கையில் தாங்கி நின்றிருக்கிறான்.
விட்டுவிட்டேன் கம்பியை.

ஆறின் முடிவில் லாரியோடு பள்ளத்தில் விழுகிறான்.
ஏழின் தொடக்கத்தில், அதே வளைவு, அதே லாரி,
விழுவதற்கு முன்பே குதித்துவிடுகிறான்.
ஏழு நாள் செத்துக் கிடந்தவன்
சாகவே இல்லையாம்.
பிள்ளைகள் அதையும் காசு கொடுத்து மன்னித்தார்கள்.
என் விவாகரத்துக்கு
இப்படி ஓர் ஏழாம் அத்தியாயம் வாய்க்கவில்லை.

பத்தில்தான் மாட்டிக்கொண்டேன்.
ஈட்டியோடு துரத்தும் பதினான்கு பேர்.
லாஸ் ஏஞ்சலஸின் சென்ட்ரல் அவென்யூவிலிருந்து
லாரியில் ஏற்றிவந்தவர்கள்.
ஸ்டுடியோவின் கூலிச் சீட்டில் பெயர் இல்லை:
"காட்டுவாசிகள், 14. மதியச் சாப்பாடு உண்டு."
யானைக்குப் பெயர் இருக்கிறது. டெய்சி.

இடமிருந்து மூன்றாவது ஆள்
ஓடிக்கொண்டே திரும்பிப் பார்க்கிறான், நேராக என்னை.
பதினொரு பிம்பங்கள். அரை நொடிகூட இல்லை.
மணிக்கட்டில் ஏதோ மின்னுகிறது.
தூசி, என்கிறது மென்பொருள்.
பெரிதாக்கினேன்.
தூசிக்கு முள் இருந்தது, எண்கள் இருந்தன.

ஒலித்தட்டுகளை ஒட்டும் டாவியா லோமக்ஸ்
காப்பியோடு வந்தவள் பின்னால் நின்றாள்.
ஜிப்புக்கு எல்லாரும் சிரித்த அன்று
சிரிக்காதவள் அவள் ஒருத்தி.
"மணி என்ன?"
"இப்பவா?"
"அவனுக்கு."
மூன்று ஐம்பது, என்றேன்.
"நாலு மணிக்கு மேல நிக்க வச்சா
கூலி கூடக் கேட்கலாம்" என்றாள்.
பிறகு, "ஒண்ணு தள்ளு."
தள்ளினேன்.
"இன்னும் ஒண்ணு."
பதினொன்றும் தீர்ந்து
அவன் முகம் மறுபடி முதுகானது.
காப்பியை என் மேசையிலேயே மறந்துவிட்டுப் போனாள்.

லாயிட் அழிக்கச் சொல்வார்.
கடிகாரம் கட்டிய காட்டுவாசியா, சிரிப்பார்கள், என்பார்.
சிரிக்கட்டும்.
பதிவேட்டில் எழுதினேன்:
அத்தியாயம் 10, கேடு அல்ல, கைக்கடிகாரம், மூன்று ஐம்பது.
கீழே என் கையெழுத்து, நோரீன் ஹேவர்காம்ப்,
முழுப் பெயராக, வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக.
உடனே வெட்கமாக இருந்தது.
அவன் பெயர் இன்னும் தெரியாது.

பதினொன்றைத் திறந்திருக்கிறேன்.
எரிமலை வெடிக்கிறது.
தந்திக்கம்பத்தில் ஒரு காக்கை
இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.